பதினைந்து விநாடி

ஆம்பூர் ஷூ கம்பெனி மாடியில்
ரிஸ்வானாவின் மானிட்டர்
இரண்டு நாளாய்த் துடிக்கிறது.
வரைந்து வைத்த குதிகால் கோடெல்லாம்
நடுக்கம்.

கேபிளை மாற்றினேன்.
புது டிரைவரைப் பிடுங்கிவிட்டுப்
பழையதைப் போட்டேன்.
அறுபது ஹெர்ட்ஸை
எழுபத்தைந்துக்கு ஏற்றினேன்.

இருட்டு.

"போச்சா?"
"எதையும் தொடாதீங்க.
சரின்னு நாம சொல்லலன்னா
பதினஞ்சு செகண்டுல
அதுவே பழையபடி திரும்பிடும்."

கறுத்த கண்ணாடியில் நாங்கள் இருவர்,
முதுகுக்குப் பின்னால் ஜன்னல்,
ஜோலார்பேட்டைக்குப் போகும் சரக்கு ரயில்.
எண்ணினோம்.

ஒன்பதில் அவள் சொன்னாள்:
"நிக்காஹ்வுக்குக் கேட்டப்ப
நான் வாயே திறக்கல.
சம்மதம்னு எழுதிக்கிட்டாங்க."

பன்னிரண்டு, பதின்மூன்று.

திரை வந்துவிட்டது,
அதே அறுபது,
அதே நடுக்கம்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
"எழுபது வெச்சுப் பாருங்க."