இடது இறக்கை

பகலில் நான் பற்களுக்கு நிறம் தீட்டுகிறேன்.
தோருன் நகரில், பேக்கரிக்கு மேல்மாடி,
வடக்குப் பார்த்த ஜன்னல்.
மருத்துவர் சீட்டில் எழுதி அனுப்புவார்: ஏ-மூன்று.
ஏ-மூன்று என்று ஒரு பல்லும் எந்த வாயிலும் முளைத்ததில்லை.
விளிம்பில் கொஞ்சம் சாம்பல்,
ஈறோரம் தேநீர்,
நடுவில், சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று
மனைவியிடம் சொன்னவரின் பழுப்பு.
பக்கத்துப் பல்லைப் பார்த்துத்தான்
புதுப் பல்லைச் செய்ய வேண்டும்.

இரவில் விமானம்.

கடையில் அடுக்கியிருப்பதெல்லாம் சண்டைக்காரர்கள்.
பெட்டிப் படத்தில் எப்போதும்
ஏதாவது ஒன்று எரிந்தபடி விழுந்துகொண்டிருக்கும்.
காசு கொடுத்தவனுடையது மட்டும் விழவே விழாது.
அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு
ஒரு புட்டி தின்னர் மட்டும் வாங்கி வருவேன்.

இதைக் கண்டது ஞாயிற்றுச் சந்தையில்,
பழைய கரண்டிகளுக்கும்
ஒற்றைப் பனிச்சறுக்குக் காலணிக்கும் நடுவே:
கோதுமை வயலுக்கு மருந்தடிக்கும் விமானம்,
எழுபத்திரண்டில் ஒரு பங்கு, மூலை நசுங்கிய பெட்டி.
விற்ற பெண் கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
"ஓல்கியர்ட் ஆரம்பித்தான்.
அப்புறம் நார்வேக்குப் போய்விட்டான், எண்ணெய்க் கிணற்றுக்கு.
பதினைந்து ஸ்வாட்டி.
பசை காய்ந்திருந்தால் நான் பொறுப்பில்லை."

வீட்டில் திறந்தேன்.
சட்டத்திலிருந்து கிள்ளாத சக்கரங்கள்,
இன்னும் உட்காராத விமானி,
எல்லாம் தொழிற்சாலைச் சாம்பலில்.
இடது இறக்கை மட்டும் மஞ்சள்.

தப்பான மஞ்சள்.
விளக்கத்தாள் கேட்பது எலுமிச்சைத் தோல்,
இவன் பூசியிருப்பது கடுகுச் சட்டினி.
எதோடு எதைக் கலந்தான் என்று
ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.
தூரிகையை அகலவாட்டில் இழுத்திருக்கிறான்,
யாரும் அப்படி இழுப்பதில்லை.
காயும் முன்பே தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்,
ஓரத்தில் அரைக் கட்டைவிரல்.

சங்கத்தில் கோர்டியன் சொன்னார்:
"ஸ்பிரிட்டில் ஊறப் போடு, தேய்த்துக் கழுவு.
எவனோ செய்த தப்பை நீ ஏன் சுமக்கிறாய்?"
கிண்ணம் எடுத்தேன். ஸ்பிரிட் ஊற்றினேன்.
இறக்கையை மேலே பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு என் கை, பழக்கம் போல,
அதைப் பல் விளக்கின் அடியில் கொண்டுபோய் வைத்தது.

மஞ்சள் நாலு சொட்டு, வெள்ளை ஒன்று,
பல்குத்தும் குச்சி நுனியில் சிவப்பு.
பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் பூசிக் காயவிட்டேன்.
இரண்டாம் ஸ்பூன் ஆரஞ்சுப் பக்கம் ஓடிப்போனது.
ஐந்தாவதில் பச்சை எட்டிப் பார்த்தது.
ஏழும் எட்டும் எனக்கே ஒன்றாய்த் தெரிந்தன, தூங்கப் போனேன்.
ஒன்பதாவதை அவன் இறக்கைமேல் வைத்தபோது
ஸ்பூன் எங்கே முடிகிறது என்று
விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

வலது இறக்கையை அகலவாட்டில் பூசினேன்.
கட்டைவிரலை மட்டும் நகலெடுக்கவில்லை.
அவனுடையதை உப்புத்தாளால் தேய்க்கவும் இல்லை.

நவம்பர்ப் போட்டியில் நடுவர்
பேனா டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தார்.
சக்கரங்கள் நேர். இணைப்புக் கோடு இல்லை.
மஞ்சள் தவறு, மூன்று புள்ளி கழிவு.
போகப் போனவர் திரும்பி வந்து
"இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தவறு," என்றார்,
குற்றமாகவா பாராட்டாகவா தெரியவில்லை.
டிராமில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
அதை எனக்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தேன்.

இப்போது ஏப்ரல். அலமாரியின் மேல்தட்டில் நிற்கிறது.
நேற்று தூசி தட்டும்போது பார்த்தேன்:
வலது இறக்கை ஒரு மயிரிழை கறுத்திருக்கிறது.

பல் கட்டிக்கொண்டவர்களும் சில வருடம் கழித்து வருவார்கள்,
இது மட்டும் ஏன் தனியாகத் தெரிகிறது என்று.
இது அப்படியேதான் இருக்கிறது,
மற்றவைதான் மாறிவிட்டன என்பேன்.
இங்கே தலைகீழ்.
அவன் பூசியது எப்போதோ காய்ந்து முடிந்துவிட்டது.
என்னுடையதுதான் இன்னும்
உள்ளுக்குள் ஈரம்.