மற்றவை மாறாதிருக்க

ரொசாரியோவில் மாலை வகுப்பு ஏழு மணிக்கு.
அன்று காலைதான் பேருந்துக் கட்டணம் ஏறியிருந்தது,
பாதிப் பேர் நடந்தே வந்தார்கள்.
கரும்பலகையில் இரண்டு கோடுகள் இழுத்தேன்,
ஒன்று இறங்க, ஒன்று ஏற,
வெட்டிக்கொண்ட இடத்தில் ஒரு புள்ளி.
"மற்றவை மாறாதிருக்க" என்றேன்.

பின்வரிசையில் நஹுவேல் சிரித்துவிட்டான்.
ரொட்டிக்கடையில் விலைச்சீட்டு எழுதுகிறவன்.
இந்த வாரம் மட்டும் மூன்று முறை.
பென்சிலிலேயே எழுது என்று சொல்லிவிட்டாளாம் முதலாளி.

பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் நடத்துகிறேன்:
முதலில் சமன்பாடு, கடைசி வாரத்தில் நாடு.
கடைசி வாரத்தில் தவறாமல்
ஒரு வேலைநிறுத்தம் வந்துவிடும்.

புள்ளியை அழித்தேன்.
"நாளைய விலையை
எதைப் பார்த்து முடிவு செய்கிறாள்?"
"டாலரை. அப்புறம் எதிர்க்கடையை.
அப்புறம் வரிசையில் நிற்கிறவர்களின் முகத்தை."
முகத்துக்கு என்ன குறியீடு போடுவது?
அரை மணி நேரம் சண்டை போட்டார்கள்.
நான் மாறிலி என்று வைத்திருந்த எதுவும்
அந்தக் கடைக்குள் நிற்கவில்லை.

மிலாக்ரோஸ் கணக்குப் போட்டு
வெள்ளிக்கிழமை ரொட்டி விலையைச் சொன்னாள்.
வெள்ளிக்கிழமை வந்தது. தப்பு.
"எங்கே தப்பு?" என்று கேட்டேன்.
காவலாளி விளக்கணைக்கும்வரை
ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

தேர்வில் இன்னும் அந்தப் புள்ளிதான் வரும்.
அதையும் சொல்லித்தர வேண்டும்தான்:
எதையெல்லாம் பிடித்து நிறுத்தினால்
அந்தக் கோடுகள் நிற்கும் என்று,
பிடித்துக்கொண்டிருப்பவரின் கை
எவ்வளவு நேரம் தாங்கும் என்று.