நாற்பத்தோரு பைகள்

விலைச் சீட்டை நகத்தால் சுரண்டுவது
எனக்குக் கொடுத்த வேலை.
தருகிற பொருளில் விலை தெரியக்கூடாது
என்று வயிரவன் அண்ணன் சொல்லியிருந்தார்.
பகலெல்லாம் நகைக்கடன் கவுண்டரில்
சங்கிலிகளை எடைபோட்ட விரல்கள்,
இரவில் நூற்று அறுபத்துநான்கு நோட்டு,
நாற்பத்தோரு ஜாமெட்ரி பாக்ஸ்.
தேங்காயெண்ணெய் தடவினால் வரும் என்றாள் சொர்ணவல்லி.
பாதி வந்தது.
பாதி, எண்ணெய் பிசுக்கோடு அங்கேயே இருந்தது.

நாங்கள் உட்கார்ந்திருந்தது
ஜொகூரில் இருப்பவரின் வீட்டு இரண்டாங்கட்டில்.
பணமும் அவருடையதுதான்.
வாசல் கதவுக்கு ஒரு சாண் சாவி.
மேலே ஒரு தாழ், கீழே ஒரு தாழ்,
குறுக்கே தேக்குச் சட்டம்.
காவல்காரர் ஒவ்வொன்றாய்ப் போட்டுவிட்டு
"இனிமே காத்துகூட வராது" என்றார்.
சிரித்தோம்.

சனிக்கிழமை,
புதுவயல் அரிசி ஆலைகளைத் தாண்டி
கருவேலங்காட்டுக்குள் குலுங்கியது வேன்.
நரிக்கண்மாய்ப்பட்டி நடுநிலைப்பள்ளி.
வரிசையில் நின்ற எல்லார் தோளிலும்
அரசாங்கம் கொடுத்த பை
ஏற்கெனவே இருந்தது.
நான் பார்த்தேன். சொர்ணவல்லியும் பார்த்தாள்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"பையை நெஞ்சுக்கு நேரா பிடி. சிரி."
ஏழாம் வகுப்பு பாண்டிமீனா சிரிக்கவில்லை.
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
பாட்டோ, பிரார்த்தனையோ என்றிருந்தேன்.

"அக்கா, ஒரு பை இருநூத்தி எம்பத்தஞ்சா?
நாப்பத்தொண்ணுக்கு
பதினோராயிரத்து அறநூத்தி எம்பத்தஞ்சு."

செல்போனில் போட்டுப் பார்த்தேன்.
சரி.
இரண்டு ராத்திரி நான் சுரண்டியதையெல்லாம்
ஒரு மூச்சில் திரும்ப ஒட்டிவிட்டாள்.

பிறகு என் சுண்டுவிரலைப் பிடித்து
கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.
பெண்கள் கழிப்பறை. தகரக் கதவு, மரச் சட்டம்.
தாழ்ப்பாள் இருந்த இடத்தில்
துருவேறிய நாலு ஓட்டை.

"ஒருத்தி உள்ள போனா
ஒருத்தி வெளிய நிக்கணும் அக்கா. மழையிலயும்.
அனுசியா காலைல இருந்து தண்ணியே குடிக்க மாட்டா.
ஜெசிந்தா டீச்சர் மூணு தடவ எழுதிப் போட்டாங்க.
தாப்பா எம்பது ரூவாதான்.
எங்கப்பா ஹார்டுவேர் கடையிலதான் லோடு ஏத்துறாரு."

கேட்கிற குரல் இல்லை அது.
கணக்கை முடித்து
அடியில் கோடு போடுகிற குரல்.

வேனில் வயிரவன் அண்ணனிடம் சொன்னேன்.
நல்ல மனுஷர்; டீசல் அவர் காசு.
வெகுநேரம் யோசித்துக் கேட்டார்:
"தாப்பா, கல்வி உபகரணத்துல வருமாம்மா?"

அடுத்த வெள்ளி அரைநாள் லீவு.
டவுன் பஸ்ஸில் போனேன்,
பையில் ஒரு தாழ்ப்பாள், எட்டுத் திருகாணி,
பக்கத்து வீட்டு ஸ்க்ரூ டிரைவர்.
தொண்ணூற்றைந்து ரூபாய்.
விலை ஏறியிருப்பதை முதலில்
பாண்டிமீனாவிடம் சொன்னேன்.
முகம் சுளித்தாள், தன் கணக்கு தப்பியதுபோல.

வாழ்நாளில் நான் திருகாணி முடுக்கியதில்லை.
பழைய ஓட்டையில் எதுவும் நிற்கவில்லை.
ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து
ஸ்கேலை வைத்து, புதுப் பென்சிலால்
வேறு நாலு புள்ளி வைத்தாள் அவள்.
அப்படியும் கோணல்தான்.
அழுத்தித் தள்ளினால் போய் விழுகிறது.

முதலில் அனுசியா.
உள்ளே போனாள்.
டக்.
எடுத்தாள். போட்டாள். டக்.
இன்னொரு தடவை.
வெளியே யாரும் நிற்க வேண்டியதில்லை,
ஆனாலும் ஆறு பேர் நின்றோம்,
கேட்டுக்கொண்டு.

வந்தவள் யாரையும் பார்க்காமல்
குழாயடிக்கு நடந்தாள்.
கையைக் குவித்து
குடித்தாள், குடித்தாள்,
சட்டைக் கழுத்து நனைய.

மூணே கால் பஸ் போய்விட்டது.
அடுத்தது ஆறரைக்கு.