இரண்டாவது கமரா

கல்லடியில் ஸ்ரூடியோவை வேளைக்கே பூட்டிவிட்டு
பக்கத்துப் பலசரக்குக் கடையில்
பெரிய கமராவைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.
லென்ஸோடு ஒரு கிலோ அறுநூற்று நாற்பது.
"பருப்பெண்டா அஞ்சு பேருக்கு நாலு நாள் காணும் கா"
என்றார் கடைக்காரர்.
சின்னது முன்னூற்றுப் பத்து.
ஒரு டின்மீனுக்கும் குறைவு.

இரண்டையும் வாங்கினது காத்தான்குடி நவ்பீரிடம்.
"கதிர்காமம் மட்டும் நடந்தா போறீங்க?" என்று கேட்டுவிட்டு
லென்ஸ் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"ரெண்டாவது எண்டா மொதலாவதுட தம்பியா இரிக்கணும்.
ஒரே பற்றரி, ஒரே லென்ஸ் வாய்.
இல்லாட்டி ரெண்டு சார்ஜர், ரெண்டு கவலை.
உகந்தைக்கு இஞ்சாலயே கரண்ட் எண்டா
யானை வேலிக்குத்தான்."

சரியான புத்தி. காசுதான் இல்லை.
என்னுடையவை இரண்டும் மாற்றாந்தாய்ப் பிள்ளைகள்,
ஒன்றின் பற்றரி மற்றதில் நுழையாது.

இரவு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெரியது அரை இருட்டிலும் முகத்தைப் பிடிக்கும்,
நானூறு கலியாணம் கண்டது.
சின்னதன் திரை வெயிலில் தெரியாது,
சால்வையால் மூடிக் குனிந்து
திருடியைப் போலப் பார்க்கவேண்டும்.

இந்த ஊரில் இரண்டாவது என்பது பழகின சாமான்.
அடையாள அட்டைக்கு ஒரு கொப்பி, உறுதிக்கு ஒரு கொப்பி,
பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்கு மேலே.
அலை வந்த மறுவருசம்
தண்ணீர் கொண்டுபோன கலியாணங்கள்
சுவிஸிலிருந்து தபாலில் திரும்பி வந்தன.
எப்போதோ அனுப்பிவைத்த பிரதிகள்
இங்கே வந்து மூலங்கள் ஆகின.

இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

பாணமை தாண்டும் மட்டும் பெரியது கழுத்தில்.
குமுக்கன் ஆற்றில் தலையில்.
நாவலடி மணலில் அது பைக்குள் இறங்கி
மாப்பைக்கும் உடுப்புக்கும் கீழே போய்விட்டது.
நான் தீர்மானிக்கவில்லை. தோள் தீர்மானித்தது.
மறுகா எல்லாம் சின்னதுதான்:
கொப்புளத்துக்குள் நூல் கோத்த குதிகால்,
யானை லத்தியை விலத்தி வளைந்த வரிசை,
அரோகரா பாதியில் நின்றுபோன வாய்.
அரைவாசி மங்கல்.

வியாழையில் இரவு.
சித்தாண்டியிலிருந்து நடக்கிற தவநிதி அக்கா
பக்கத்தில் வந்து குந்தினா.
மடியிலிருந்து ஒரு பை எடுத்தா, அதற்குள் இன்னொரு பை,
அதற்குள் ஒரு படம்.
அருவி வரைந்த திரைக்கு முன்னால்
பள்ளிக்கூட ரை கட்டின பெடியன்.
வியர்வை ஊறி ஒரு காதுப் பக்கம் அழிந்திருந்தது.
"இதுக்கு ரெண்டாவது இல்ல கா,
ஒண்டு எடுத்துத் தாறியா?"

அடியிலிருந்து பெரியதைத் தோண்டினேன். மா படிந்திருந்தது.
ரோச் வெளிச்சத்தைச் சால்வையில் வடித்து
அவ பிடிக்க நான் எடுத்தேன்.
மூன்றாவதில் அது கண்ணை மூடிக்கொண்டது.
சின்னதில் ஒன்று.
மறுகா, நம்பிக்கை இல்லாமல், இன்னொன்று.
நாலு சதவீதம் மிச்சம்.

திரையை மூக்கோடு வைத்துப் பார்த்தா.
"காது வரயில்லையே."
படத்திலேயே இல்லை அக்கா என்றேன்.
"தெரியும்.
சும்மா கேட்டுப் பாத்தன்."
படத்தைப் பைக்குள் வைத்து
அந்தப் பையை மற்றப் பைக்குள் வைத்தா.

அடுத்த நாள் வழியில் ஒரு கரடி நின்றது, பட்டப்பகலில்,
முன்னால் போனவர்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
எடுக்கவில்லை.
கதிர்காமம் மட்டும்
சின்னதை அணைத்தே வைத்திருந்தேன்.