வெப்ப இழப்பு

டுலூத் நகரில் ஜனவரி.
இயந்திரத்தின் முள் இருநூறு பாரன்ஹீட் காட்டும்.
இருநூறு அடி ரப்பர் குழாய் கடந்து
மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறி வரும்போது
நூற்று நாற்பது.
நடுவில் அந்த அறுபதை யார் தின்றது?
படிக்கட்டு தின்றது. கதவிடுக்கு தின்றது.
சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் காற்று
கேட்காமலே கை நீட்டித் தின்றது.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி.
ஆறின தண்ணீர் வெறும் ஈரம்.
முதியோர் விடுதியின் நீளக் கம்பளத்தில்
சாப்பாட்டு அறை வாசலில் ஒரு கருமை:
பதினோரு வருடத்து இறைச்சிக் குழம்பு, வெண்ணெய்,
சக்கர நாற்காலிகள் மிதித்து மிதித்து ஊட்டியது.
மூன்று தடவை இழுத்தேன்.
நான்காம் தடவை அது என்னைத் திரும்பிப் பார்த்தது.
மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை.
குனிந்து ஒரு விரலால் தொட்டு
விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போனாள்.

கீழே, வண்டிக்குப் பின்னால்,
பனியில் ஒரு வட்டம் உருகியிருந்தது,
அடியில் தார் தெரிகிற அளவுக்கு.
உறிஞ்சும் விசிறியின் வெளிமூச்சு அது.
கம்பளத்தின் நாய்வாடையோடு
வேலை முடிகிற வரை கக்கிக்கொண்டிருக்கும்.
வட்டத்தின் விளிம்பில் வெண்டல்,
நடைபாதைப் பனி அள்ளுகிறவன்,
பனிவாரியைக் கக்கத்தில் இடுக்கி
கையுறைகளைக் குழாய்வாயில் காட்டியபடி.
நாங்கள் வருகிற நாளெல்லாம் அங்கேதான் நிற்பான்.
ஆர்டிஸ் அவனைப் பார்க்கவில்லை.
வட்டத்தைப் பார்த்தாள்.
"நம்ம அறுபது இதோ கிடக்கு" என்றாள்.

ஒரு மீன்பிடிப் படகின் எண்ணெய்க் குளிர்விப்பான்,
காயலான் கடையில் நாற்பது டாலர்.
படகில் சூட்டைத் துரத்திய பெட்டி
எங்களிடம் சூட்டைப் பிடிக்க வந்தது.
விசிறிக்கும் சைலன்சருக்கும் நடுவே அதைப் பொருத்தினோம்.
தொட்டித் தண்ணீர் முதலில் இதன் வழியாக,
பிறகுதான் எஞ்சினிடம்.

முதல் நாள், விசிறி முனகியது.
வாய் குறுகல்; மூச்சு முட்டி
உறிஞ்சும் பலம் பாதியாகிவிட்டது.
அறுத்தோம். மூன்றரை அங்குலக் குழாய் வைத்தோம்.
இரண்டாம் நாள் நான் காப்பி குடிக்கப் போனேன்,
கைப்பிடியை விட்டுவிட்டு.
ஓடாத தண்ணீர் உள்ளேயே நின்று கொதித்தது.
பாதுகாப்பு வால்வு வெடித்துத் திறந்து
வண்டி தன் ஆவியில் தானே மறைந்தது.
வெளியே வந்த ஆர்டிஸின் புருவத்தில்
பனித்துளிகள் உறைந்திருந்தன.
அவள் சொன்ன வார்த்தையை எழுத மாட்டேன்.
மூன்றாம் நாள், ஒரு தெர்மோஸ்டாட்:
இருநூற்று முப்பதைத் தொட்டால்
சூட்டை வேறு வழியில் திருப்பி விடும்.
குழாய்களுக்கு நுரைப்பஞ்சு உறை போட்டோம்,
இருநூறு அடியும், சாண் விடாமல்.

திரும்பப் போனோம்.
மூன்றாம் மாடியில், கைப்பிடி முனையில், இருநூற்றுப் பத்து.
அந்தக் கருமை ஒரே இழுப்பில் எழுந்து வந்தது,
பால் மேல் ஆடை சுருண்டு வருவது போல.
அடியில் பச்சை.
அந்தக் கம்பளம் பச்சை என்றே
யாருக்கும் ஞாபகம் இல்லை.

இறங்கி வந்தபோது
வண்டிக்குப் பின்னால் பனி அப்படியே இருந்தது.
அதன் மேல் நின்று வெண்டல்
குழாய்வாயில் கையை நீட்டிப் பார்த்தான்,
எடுத்தான், மறுபடி நீட்டினான்.
"வண்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்றான்.

ஆர்டிஸ் விளக்கினாள். நன்றாகவே விளக்கினாள்:
வீணாய்ப் போனது, பிடித்தது, மிச்சப்படுத்தியது.
அவன் தலையாட்டிக் கேட்டான்.
சுடுதண்ணீர் கொஞ்சம் பிடித்துத் தரட்டுமா என்றேன்.
"இந்தக் குளிரிலா? கொட்டின பத்தாவது நிமிஷம் கண்ணாடி.
வழுக்கி விழுகிற கிழவர்களுக்கு யார் பதில் சொல்வது?"
பனிவாரியை எடுத்துக்கொண்டு போனான்.

மறுவாரம் அந்தப் படகுப் பெட்டியின் மேல்
இரண்டு கொக்கி வைத்துப் பற்றவைத்தேன்,
கையுறை மாட்டுகிற அகலத்தில்.
இது எதற்கு என்றாள் ஆர்டிஸ்.

வெப்ப இழப்பு என்றேன்.
கணக்கில் எழுதிக்கொள்.