ஒலி எழுப்பவும்

முதல் வெள்ளிக்கிழமை டாக்டர் பேசியது எட்டு வார்த்தை.
"கட்டி எடுத்தாச்சு. ஆறு வாரம் மருந்து.
வாராவாரம் வெள்ளிக்கிழமை வாங்க."
ஒன்பதாவது வார்த்தையும் உண்டு.
நான் வாயைத் திறந்தபோது
கதவைப் பார்த்துச் சொன்னார்: "நெக்ஸ்ட்."

அஸ்தம்பட்டி, மூன்றாம் மாடி.
திரையில் என் மூத்திரப்பை
கறுப்பு வெள்ளையில் மூட்டமாக இருந்தது.
ஏற்காட்டுக்காரனுக்கு மூட்டம் புதிதில்லை.
ஆனால் அதற்குள் எதிரே லாரி வருகிறதா
மாடு நிற்கிறதா என்று
யாராவது சொல்லவேண்டும்.

இரண்டாம் வெள்ளி.
குழாய் இறங்கும் வலியில் பல்லைக் கடித்தபடி
நர்ஸின் கையிலிருந்த குப்பியைப் படித்தேன்.
பி.சி.ஜி.
பேத்தி பிறந்த அன்று தோளில் போட்ட ஊசி.
டிபி வராமல் இருக்கப் போடுவது.
எனக்கு டிபியா?
"அதெல்லாம் டாக்டருக்குத் தெரியும்.
ரெண்டு மணி நேரம் அடக்கிக்கங்க."

அடக்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.
இருபத்தாறு வருஷம் மலைவண்டி ஓட்டியவன்.
அன்று பயணியாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
வீட்டில் தட்டு, டம்ளர், தலையணை
எல்லாம் தனியாக எடுத்துக்கொண்டேன்.
"என்ன கோபம்?" என்றாள் பவளக்கொடி.
கோபம்தான் என்று சொல்லிவிட்டேன்.
அது சுலபமாக இருந்தது.

மூன்றாம் வெள்ளி இரவு குளிர்காய்ச்சல்.
கழிவறையில் செம்பருத்தி நிறம்.
ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம்.
"லைன்ல இருங்க" என்றது ஒரு பெண்குரல்.
பதினோரு நிமிஷம் வீணை வாசித்தார்கள்.
பிறகு கட்டாகிவிட்டது.

நான்காம் வெள்ளி, நாற்பத்தேழாம் டோக்கன்.
பக்கத்து நாற்காலியில் ரத்தினசபாபதி,
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைப்பவர்,
இரண்டாம் சுற்றுக்கு வந்திருக்கிறார்.
"மருந்து உள்ளே போனதும் புரண்டு படுக்கிறீங்களா?
கால் மணிக்கு ஒரு பக்கம்.
அப்பத்தான் பை முழுக்கப் படும்."
இல்லையே.
"அன்னிக்கு கக்கூஸுல பிளீச்சிங் போட்டு
கால் மணி கழிச்சுத் தண்ணி ஊத்தறீங்களா?"
இல்லையே.
ஆறு மாதப் பேரனைக் கழுவுவதும்
அதே அறையில்தான்.
எனக்கு வியர்த்தது.
உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.
"எனக்கும் யாரும் சொல்லல" என்றார்.

உள்ளே போனேன்.
பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கம்
ஐந்து கேள்வி எழுதியிருந்தேன்.
"நெக்ஸ்ட்" வந்தது.
நான் எழுந்திருக்கவில்லை.
மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை,
இறங்குகிறவன் நிற்கவேண்டும்.
டாக்டர் முதல்முறையாகத் திரையை விட்டுத் திரும்பினார்.
கண்ணுக்குக் கீழே கருவளையம்.
அவருக்கும் தூக்கமில்லை போலிருக்கிறது.

மூன்று கேள்விக்குப் பதில் சொன்னார்.
டிபி இல்லை. அந்த ஊசிமருந்து
கட்டி திரும்ப வராமல் காவல் இருக்குமாம்.
காய்ச்சலை அன்றே தெரிவித்திருக்கவேண்டுமாம்.
யாரிடம், வீணையிடமா என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை. சீட்டில் ஒரு எண் எழுதினார்.
முன்பே ஏன் சொல்லவில்லை?
"பயந்துடுவீங்கன்னுதான்."

ஐயா, எங்கள் மலைக்கு இருபது கொண்டை ஊசி.
ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள்,
ஒலி எழுப்பவும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.
அதைப் படித்துப் பயந்து
இதுவரை யாரும் பாதியில் இறங்கிப் போனதில்லை.
பலகை விழுந்துகிடக்கிற வளைவில்தான்
வண்டி கவிழும்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
படியிறங்கும்போதுதான் தோன்றியது.
நாலாவது கேள்வியும் ஐந்தாவதும்
சட்டைப்பையிலேயே இருக்கின்றன.

அடிவாரத்தில் பிளீச்சிங் பவுடர் ஒரு கிலோ வாங்கினேன்.
வண்டி ஏறியது.
ஒன்றாம் வளைவில் இடப்பக்கம் சாய்ந்தேன்,
இரண்டில் வலப்பக்கம்.
அப்போதுதான் உறைத்தது:
யாரும் சொல்லாத அந்த மூன்று வாரமும்
மலைதான் என்னைப் புரட்டிப்போட்டிருக்கிறது.
அது போதுமா என்று தெரியவில்லை.
ஆறாவது கேள்வியாக எழுதிக்கொண்டேன்.

எட்டாம் வளைவில் புது டிரைவர்
ஹாரன் அடிக்காமல் திருப்பினான்.
"அடிப்பா!" என்று கத்திவிட்டேன்.
பேருந்து மொத்தமும் திரும்பிப் பார்த்தது.