கொசுறுக்குக் கட்டமில்லை

அண்டனனரிவு. ஜூலைக் குளிர்.
படிபடியாய் இறங்கும் சந்தையில்
என் பையில் ஒரு குட்டித் தராசு,
நாற்பத்தாறு பொருள்கள் அச்சடித்த தாள்.

வெள்ளை அரிசி. நீள மணி.
நொய் நூற்றுக்கு ஐந்துக்குள்.
ஒரு கிலோ பொட்டலம், வாய் ஒட்டியது
என்கிறது தாள்.

லலாவ் கடையில் பொட்டலம் கிடையாது.
கெட்டிப்பால் தீர்ந்த தகர டப்பா உண்டு,
கபுவாக்கா என்போம் அதை.
டப்பா எண்ணூறு அரியாரி.

இதே தாள்
உலான்பாத்தரில் எவர் பையிலோ இருக்கிறது,
லிமாவில், ஓஸ்லோவில்.
எல்லோரும் ஒரே அரிசியைத் தேடி அலைகிறோம்.
கிடைத்துவிட்டால்
குரோனரும் அரியாரியும்
ஒரே பந்தியில் உட்காரலாமாம்.

லலாவ் டப்பாவை மூட்டைக்குள் முக்கி எடுத்தாள்.
தலை தட்டவில்லை.
கூம்பாய் நின்றது அரிசி,
அதன்மேல் இன்னொரு பிடி.
கொசுறு என்று ஒரு கட்டம் தாளில் இல்லை.
நிறுத்தேன்: முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம்.

சாயங்காலம் அபிஜான் அலுவலகம் கேட்டது:
உங்கள் அரிசி மட்டும் ஏன் இத்தனை மலிவு?
சரிபார்த்து அனுப்பவும்.

மறுநாள் நான் போகவில்லை.
பக்கத்து வீட்டு சேஹேனுவை அனுப்பினேன்,
செங்கல் சுமப்பவள்,
கையில் என் எண்ணூறு.
கொண்டுவந்தாள்
இருநூற்று எழுபத்தொன்று.
தராசைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
இருநூற்று எழுபத்தொன்றுதான்.

மூன்றாம் நாள்
டப்பாவை வாங்கித் தடவிப் பார்த்தேன்.
அடித் தகரம் உள்ளே எக்கியிருந்தது,
பட்டினி வயிற்றுக்கு எதிர்ப்பக்கமாய்.

"விலை ஏறினால் வைவார்கள் மேடம்.
தகரம் ஏறினால் யார் கண்டார்?"

"அப்புறம் எனக்கு மட்டும் ஏன் கூம்பு?"

"நீங்கள் எழுதிக்கொண்டு போகிறவர்.
வெளியூர்க்காரர்கள் படிப்பார்களாமே.
நம்மைக் குறைவாய் நினைத்துவிட்டால்?"

அவள் போட்ட ஒரு பிடியில்
நாடு முழுக்கக் கொஞ்சம் பணக்காரன் ஆகியிருந்தது,
தசமப் புள்ளிக்கு அப்பால் எங்கோ.
மூன்று நாள்தான்.

முந்நூற்றுப் பன்னிரண்டை அடித்தேன்.
குறிப்புகள் என்ற இடத்தில்
'விலை நிலை. அடி உயர்வு' என்று எழுதி
அபிஜானுக்குப் புரியாதென்று
அதையும் அடித்தேன்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தபின்
வீட்டுக்கு மூன்று டப்பா கேட்டேன்.
லலாவ் என் பையைப் பார்த்தாள்,
உள்ளங்கையால்
தலை தட்டினாள்.